பன்னிரண்டு கோடிச் சொச்சம்

எங்கள் வீட்டில் ஒரு மனிதனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனைதான் உண்டு. கணக்குக் கொடுத்துப் பார்ப்பது. அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். அவருடைய அப்பா கணக்கு வாத்தியார். பெரியப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் தணிக்கையாளர். கணக்கு வராதவர்களை அப்பா வீட்டார் வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களிடம் குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார்கள், அவ்வளவுதான். அம்மா பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள். பால் திரிந்துவிட்டது என்று அவள் சொன்னால் நம்புவார்கள். அதற்கு மேற்பட்ட விஷயங்களில் அவள் பேச்சு சபை ஏறாது.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அம்மா வழியில் கணக்கில் தேறிய ஒரே ஆள். எம்.எஸ்ஸி. முடித்து, திருநெல்வேலியில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு போகவே இல்லை. ஊரில் அதை நரம்புத் தளர்ச்சி என்றார்கள். இடம் மாறினால் சரியாகிவிடும் என்று டெல்லிக்கு ரயிலேற்றி விட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம், ஸ்வெட்டர்கூட இல்லாமல் ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வந்த புதிதில் யாரோ கூப்பிட்டதுபோல் திடீரென்று திரும்பிப் பார்ப்பார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருப்பார். அம்மா அரித்து அரித்து, கடைசியில் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தார். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் அழைத்துப் போனார்கள்.

டாக்டர் நரைத்த தலைக்காரர். மாமாவிடம் ஏதேதோ கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. பிறகு டாக்டர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னார். மாமா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஒரே மூச்சில் இறங்கி இரண்டுக்கு வந்தார். அங்கேயும் நிற்கவில்லை. மைனஸ் ஐந்து, மைனஸ் பன்னிரண்டு என்று பூமிக்குக் கீழே போக ஆரம்பித்தார். டாக்டர் போதும் என்று கையைக் காட்ட வேண்டியிருந்தது. அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். நீங்களாக நிறுத்தக் கூடாது என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவுக்கு ஆறவில்லை. "டாக்டரே கணக்கு வச்சுத்தான் பாக்காரு. இவன் மைனஸ் வரைக்கும் போயிட்டான். பாஸானவனுக்கு எதுக்கு மருந்து?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இருந்தாலும் அம்மா மாத்திரை கொடுத்தாள். மாமா தூங்கினார். திரும்பிப் பார்ப்பது நின்றது. குழாய் சும்மா குழாயாக ஆனது. மத்தியானங்களில் மொட்டைமாடி வெயிலில் என்னோடு கேரம் ஆடுவார். கை நடுங்கி ஸ்ட்ரைக்கர் எங்கேயோ போகும். "மருமவளே, இது போர்டோட தப்பு" என்று சிரிப்பார். பேசும்போது நாக்கு தடிக்கும், வாயோரத்தில் எச்சில் ஒழுகும். அதை அவர் துடைத்துக்கொள்ளும் வேகத்தில் வெட்கம் இருந்தது. ஆனாலும் அந்த மாமாதான் என் மாமா. அந்தக் கொஞ்ச நாட்களில்தான் நான் அவரோடு விளையாடினேன், அம்மாவும் நிம்மதியாகக் காய் நறுக்கினாள்.

அப்பா மட்டும் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, பெரிய நம்பரா ஒண்ணு எழுது" என்றார். நான் சோம்பேறி. ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக எழுதி நீட்டினேன். 123456789. அப்பா அதை வாய்விட்டுப் படித்தார். பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து என்று தொடங்கி, நீளம் தாங்காமல், "பன்னிரண்டு கோடிச் சொச்சம்" என்று முடித்தார். "மாப்ளே, இதைக் காரணி பிரி பாப்போம்."

காரணி பிரிப்பது என்றால் ஓர் எண்ணை, அதற்குமேல் உடைக்கவே முடியாத எண்களின் பெருக்கமாக உடைப்பது. உடையாத அவற்றுக்குப் பகா எண் என்று பெயர். மாமா பென்சிலை வாங்கினார். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தைந்து, ஆகவே ஒன்பதால் போகும் என்பது வரை எனக்கே தெரியும். ஒன்பதால் வகுத்து 13717421 என்று எழுதினார். பிறகு நின்றுவிட்டார். ஏழால் போகவில்லை, பதினொன்றால் போகவில்லை, பதின்மூன்றால் போகவில்லை. பென்சில் வர வர மெதுவானது. பதினேழில் ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டார். தாளில் எச்சில் சொட்டியது. சட்டைக் கையால் துடைத்தார், எழுத்து கலைந்துவிட்டது.

"முடியல அத்தான். மண்டைக்குள்ள பஞ்சு அடைச்சாப்ல இருக்கு."

அப்பா அந்தத் தாளைக் கொண்டுபோய் அடுக்களையில் அம்மா முன்னால் வைத்தார். "பாத்தியா? வைத்தியம் பாக்கப் போயி இருக்கதையும் கெடுத்தாச்சு."

"தூங்குதானே, அது போதாதா?" என்றாள் அம்மா.

"தூங்கதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சான்?"

அன்றோடு மாத்திரை நின்றது. மாமாவுக்கும் அதில் சம்மதம்தான். எச்சில் பட்ட அந்தத் தாளை அவராலும் மறக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ஹோலிப் பண்டிகையின் சாயம் படிக்கட்டில் இன்னும் போகாமல் இருந்த ஒரு நாள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமாவின் கை நடுக்கம் போய்விட்டிருந்தது. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உடையுது அத்தான்" என்றார்.

"எது?"

"பன்னிரண்டு கோடி. ஒம்பது போக மிச்சம் ரெண்டா உடையுது. மூவாயிரத்து அறுநூத்தி ஏழு, மூவாயிரத்து எண்ணூத்தி மூணு. அதுக்கு மேல ரெண்டும் உடையாது."

நான் எச்சில் கையோடு ஓடி, என் ரஃப் நோட்டில் இடது கையால் கோணல்மாணலாகப் பெருக்கினேன். 3607ஐ 3803ஆல் பெருக்கினால் 13717421. அதை ஒன்பதால் பெருக்கினால் என் சோம்பேறி எண் வரிசை குலையாமல் வந்து நின்றது. நான் "சரி" என்றதும் அப்பா கைகூடக் கழுவாமல் மாமாவைக் கட்டிக்கொண்டார். அம்மா கேசரி கிண்டினாள். அம்மாவும் அன்று சிரித்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும்.

அது எவ்வளவு அழகான வேலை என்பது எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது. 13717421ஐப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் மாடு செக்கைச் சுற்றுவதுபோல் நூற்றுக்கணக்கான தடவை சுற்ற வேண்டும். மாமா சுற்றவில்லை. அதற்குச் சற்று மேலே இருக்கிற வர்க்க எண்களைப் பார்த்திருக்கிறார். 3704இன் வர்க்கத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது எதன் வர்க்கமும் இல்லை. அடுத்த எண் 3705. அதன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 9604, அதாவது 98இன் வர்க்கம். முடிந்தது. 3705க்குக் கீழே 98 இறங்கினால் ஒரு காரணி, மேலே 98 ஏறினால் மற்றொன்று. இரண்டே அடியில் ஆள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். பஞ்சு அடைத்த மண்டையால் ஆகிற காரியமில்லை அது. அப்பாவை என்னால் முழுசாகக் குறை சொல்ல முடியாமல் போனதற்கு இந்த 98க்கும் பங்குண்டு.

செய்தி பரவியது. டெல்லியில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை மந்திர் முருகன் கோயில், அங்கிருந்து யார் வீட்டிலாவது சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் அந்த வீட்டுப் பிள்ளை பாட வேண்டும், அல்லது ஆட வேண்டும். எனக்கு இரண்டும் வராததால் எங்கள் வீட்டில் மாமாவை உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் ஸ்கூட்டர் எண்ணையும் டெலிபோன் எண்ணையும் சொல்வார்கள். மாமா உடைத்துக் கொடுப்பார். நான் நோட்டில் பெருக்கிச் சரிபார்த்து அறிவிப்பேன். மாமாவைப் பெற்றவரும் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் தானே என்பதுபோல் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

வாரநாட்களில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியாது. மாமா மறுபடி தூங்குவதை விட்டுவிட்டார். குளிக்க மறுத்தார். கீழே புல்தரையில், மாடிப்படியிலிருந்து வேப்பமரம் வரை, வேப்பமரத்திலிருந்து மாடிப்படி வரை என்று வெயில் ஏற ஏற நடந்துகொண்டே இருப்பார். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒருநாள் என்னை நிறுத்தி, "பேட்டா, மாமாஜி டீக் ஹைன்?" என்று மாமாவின் நலம் கேட்டாள். "ஏக்தம் டீக்", ஒரு குறையும் இல்லை என்றேன். அந்த வாரம்தான் அவர் ஒருவரின் எட்டு இலக்க ரசீது எண்ணை உடைத்திருந்தார்.

மாமா என்னிடம் மட்டும் சிலவற்றைச் சொல்வார். "மருமவளே, பன்னிரண்டு கோடிக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்கல்லா. நடுவுல மூவாயிரத்து எழுநூத்தி அஞ்சு. அந்தப் பக்கம் தொண்ணூத்தெட்டு தள்ளி ஒருத்தன், இந்தப் பக்கம் தொண்ணூத்தெட்டு தள்ளி ஒருத்தன். ஒரே தூரம். ரெண்டு பேரும் நடுவுல நிக்கவனையே பாக்காங்க." பிறகு ஜன்னல் வழியாகக் காட்டினார். வேப்பமரத்தடியில் துணி தேய்க்கும் இஸ்திரி பையா. எதிர்ப்பக்கம் பால் பூத்காரர். எங்கள் மாடிப்படியிலிருந்து இரண்டு பேரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள் என்றார் மாமா. காரணம் இல்லாமல் அப்படி நிற்க மாட்டார்கள் என்றார். நான் நோட்டில் கூட்டியும் கழித்தும் பார்த்தேன். 3705, 98, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆகவே இஸ்திரி பையாவைப் பற்றிச் சொன்னதும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் மாமா சாப்பிடுவதும் குறைந்துவிட்டது. தட்டை வைத்தால் நடுவில் இருக்கும் சோற்றைத் தொடமாட்டார், ஓரங்களை மட்டும் கிள்ளுவார். கன்னம் ஒட்டி, கண்கள் பெரிதாகிவிட்டன. அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"ஏங்க, திரும்ப அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவோம். எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம். போன வாரம் அவன் சொன்ன விடை தப்பா?"

"விடை எனக்கு எப்படித் தெரியும்? என் தம்பி மூஞ்சி தெரியுது."

அப்பா குரலைத் தாழ்த்தினார். கணக்கு வராதவர்களிடம் பேசுகிற அந்தக் குரல். "இங்க பாரு, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. கணக்கு எப்பத் தப்புதோ, அன்னைக்கே நான் கூட்டிட்டுப் போறேன். ஒரேயொரு கணக்கு தப்பட்டும்." என்னைக் கைகாட்டினார். "இவ சரிபாத்துச் சொல்லட்டும். போதுமா?"

அப்பா சொன்னால் சொன்னதுதான். விடை தப்பினால் உண்மையிலேயே அன்றே ஆட்டோ பிடித்திருப்பார். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போனேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை இருவரும் பொருட்படுத்தவில்லை.

"ஒரேயொரு தடவை தப்பாச் சொல்லுல. நாளைக்கு ஒரு நாள். அக்காவுக்காக."

மாமா அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "எப்படிக்கா சொல்லுதது? அது வகுபடாதுல்லா."

"வகுபடாட்டி என்ன, நீ சொல்லேன். யாரு கேக்கப்போறா?"

"அதுக்குத் தெரியுமே," என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்கில் தோற்றவர்களுக்குத் தப்பான விடையும் சரியான விடையும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் அப்பாவின் அலுவலக நண்பர் குடும்பத்தோடு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கூலரின் சத்தத்தில் எல்லோரும் கொஞ்சம் கத்தியே பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த எண்ணைக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அப்பாவுக்கே ஒரு யோசனை தோன்றியது. "நம்ம பன்னிரண்டு கோடியத் திருப்பிப் போட்ருவோம்." நான் எழுதினேன். 987654321. தொண்ணூற்றெட்டுக் கோடிச் சொச்சம். மாமா அதைப் பார்த்த மாத்திரத்தில், "பழசை எட்டு மடங்காக்கி ஒம்பது கூட்டினா இது" என்றார். நண்பர் வாயைப் பிளந்தார். அது சும்மா முன்னுரைதான் என்று அப்பா கையமர்த்தினார்.

சாப்பாடு நடந்தது. மாமா சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. அம்மா பரிமாறும்போதெல்லாம் அவரைத் தாண்டிப் போவாள், தாண்டும்போது அவர் தோளைத் தொடுவாள். பாயசம் வந்தபோது மாமா தலையை உயர்த்தினார். நேரே அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். நெற்றியில் வேர்வை கட்டியிருந்தது. சொல்ல வராமல் திணறுகிறார் என்று நினைத்து அப்பா முன்னால் குனிந்தார்.

"மூணு, மூணு, பதினேழு, பதினேழு," என்றார் மாமா. நிறுத்தினார். பிறகு அம்மாவிடமிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "மூணு லட்சத்து எழுவத்தொம்பதாயிரத்து எழுநூத்தி இருவத்தொண்ணு. அதுக்கு மேல உடையாது."

நான் பெருக்கினேன். 379721ஐப் பதினேழால், மறுபடி பதினேழால், பிறகு ஒன்பதால். சரியாக வந்தது. "சரி" என்று நான் கூவியதும், நண்பர் "அசந்து போயிட்டனுங்க" என்று எழுந்து நின்று கைதட்டினார். குழந்தைகளும் தட்டினார்கள். அம்மா பாயசப் பாத்திரத்தோடு உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை காலை அப்பா அலுவலகத்துக்கும் நான் பள்ளிக்கும் போன பிறகு, அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த நேரத்தில் மாமா வீட்டை விட்டு வெளியே போனார். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் போலீஸ்காரர்கள் வந்து சொன்னார்கள். ரயில் பாதையில், இரண்டு தண்டவாளங்களுக்கும் சரியாக நடுவில் நடந்து போய்க்கொண்டிருந்தாராம். ஓட்டுநர் ஹாரன் அடித்தும் திரும்பவில்லையாம். அலுவலகத்திலிருந்து ஓடிவந்த அப்பா அவர்களிடம் ஹிந்தியில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக்கூட எல்லாம் சரியாகச் சொன்னான், ஒன்பது இலக்கம், நீங்கள் வேண்டுமானால் சரிபார்க்கலாம். போலீஸ்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா குடித்திருக்கிறாரா என்று கேட்பதுபோல் அம்மாவைப் பார்த்தார்கள்.

காரியங்கள் முடிந்து, ஊரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போன பின் ஒரு மத்தியானம். அம்மா உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்பா அலுவலகம் போகாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்று பார்த்தேன். 379721. பதினேழால் பெருக்கினார். மறுபடி பதினேழால் பெருக்கினார். ஒன்பதால் பெருக்கினார். 987654321 வந்தது. அதன்மேல் கோடு கிழித்துவிட்டு, தாளைத் திருப்பி, வேறொரு ஓரத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்படி அந்தப் பத்திரிகையில் வெள்ளை இடமே இல்லாமல் நிறைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கடைசி வரிக்கு வரும்போது பென்சில் தயங்கியது. எங்காவது ஓர் இலக்கமாவது பிசகாதா என்று தேடுகிற கையாக இருந்தது அது.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் தோளைத் தொட்டு, "சரியாத்தாம்ப்பா இருக்கு. நான் அன்னைக்கே பெருக்கிப் பாத்துட்டேன்" என்றேன்.

அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளறையிலிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், குரலில் கோபம்கூட இல்லை. விடை சரியாக இருக்கும்போது ஒருவர் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கணக்கு பெரிசு, அதனால் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் ரஃப் நோட்டை எடுத்துவந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நன்றாகப் பார்க்கும்படி பெரிய பெரிய இலக்கமாக எழுதி, இன்னொரு தடவை பெருக்கிக் காட்டினேன்.